இரவலுக்கு ஊற்றிய நைட்ரஜன்

இனிமேல் நைட்ரஜன் ஊற்ற ஆளே வேண்டாமாம். ஆய்வுக்கூடத்திலிருந்து பிரவீணா வந்து சொன்னாள். மின்சாரத்தில் ஓடுகிற குளிர்பெட்டி ஒன்று வந்திருக்கிறது. சுவரில் செருகிவிட்டால் டிடெக்டர் என்கிற கருவியை அதுவே ராப்பகலாகக் குளிராக வைத்துக்கொள்ளுமாம். பழைய பாத்திரங்களையெல்லாம் கழித்துக் கட்டப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஆய்வுக்கூடத்து ஆண்டு மலரில் போட வேண்டும் என்று, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க கன்னிம்மாக்கா, நான் டைப் பண்ணிக்கிறேன்" என்று சேக்காட்டில் என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அஞ்சாவதோடு நின்றது படிப்பு. ஆனால் காது நன்றாகக் கேட்கும். அதனால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்கிறேன். நான் சொல்லாத சொல் உள்ளே நுழைந்திருந்தால் எடுக்கச் சொல்கிறேன். அவளுக்கு அலுப்பு. "இப்படிப் போனா மலர் அடுத்த வருஷந்தான் வரும்" என்கிறாள். வரட்டும். இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை. இப்போது என்ன அவசரம்?

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஆய்வுக்கூடம். முதலில் நான் அங்கே பெருக்கித் துடைக்கத்தான் போனேன். நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புதிதாக வந்தவர்கள் அந்தப் புகையைப் பார்த்துப் பயந்தார்கள். எனக்குப் பயம் இல்லை. ஊற்றிக் காட்டினேன். அப்புறம் ஓய்வு பெறும் வரைக்கும் அதுதான் என் வேலை.

அந்த வேலையைச் சாதாரணமாக நினைப்பவர்கள் ஒருநாள் செய்து பார்க்கட்டும். நைட்ரஜன் என்பது நாம் மூச்சுவிடுகிற காற்றில் பெரும்பங்கு. அதைக் குளிரவைத்துக் குளிரவைத்துத் தண்ணீர் மாதிரி ஆக்கிக் கேனில் கொடுப்பார்கள். கையில் பட்டால் கொதிநீர் பட்ட மாதிரி தோல் உரிந்துவிடும். கையுறை தொளதொளவென்று இருக்க வேண்டும். உள்ளே தெறித்தால் உதறிக் கழற்ற வசதியாக. ஈரத்துணி கூடாது. வளையல் கூடாது. நைலான் புடவை கூடாது. ஊற்றும்போது கதவு திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது மற்ற காற்றையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு நம்மைச் சத்தமில்லாமல் மயங்க வைத்துவிடும். புனலை மெதுவாகக் குளிரவிட்டு, பிறகுதான் கேனைச் சாய்க்க வேண்டும். பக்கத்துத் துளையிலிருந்து வெறும் ஆவி வந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். துளி துளியாகத் துப்ப ஆரம்பித்தால் நிறைந்துவிட்டது. என் கையில் ஒரு டிடெக்டரும் காய்ந்ததில்லை என்று நெடுங்காலம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதற்காக இத்தனை குளிர் என்று முதல் சில வருஷம் நான் கேட்டதில்லை. கேட்டாலும் புரிகிற மாதிரி சொல்ல யாரும் இல்லை. தேன்மொழி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தேன்மொழி எங்கள் சாரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்த பெண். திருவேற்காட்டில் கோயிலுக்குப் பின்னால் வீடு. அவள் அப்பாவுக்கு முன்பு நெல் விளைகிற நிலம் இருந்தது. இப்போது அதில் வீடுகள் நிற்கின்றன. ஒல்லியான உடம்பு, பெரிய குரல். நைட்ரஜன் அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துதான் மத்தியானம் சாப்பிடுவாள். என் சோற்றில் கை வைப்பாள், தன் டப்பாவை என் பக்கம் தள்ளிவிடுவாள்.

ஒருநாள் கேட்டேன். "அப்படி இன்னாத்தமா பாக்கறீங்க அந்தப் பொட்டில?"

"திருவேற்காட்டுல இருந்து கோயம்பேடு போற ஷேர் வேன் பாத்துகீறீங்களா?"

"அதுல தொங்கிகினுதான் எங்க அண்ணி ஊட்டுக்குப் போறேன்."

"உள்ள உக்காந்தவங்க போக, படியில நாலு பேர் தொங்குவாங்க இல்ல? அணுவோட நடுவுல கருன்னு ஒண்ணு கீது. சில கருவுல நியூட்ரான்னு சொல்ற துகள் அளவுக்கு மேல ஏறியிருக்கும். படியில தொங்குற கணக்கு. ரொம்ப நேரம் தாங்காது, வேற ஒண்ணா மாறிடும். மாறுறதுக்குள்ள உள்ள எப்படி அடுக்கி உக்காந்திருக்காங்கன்னு பாக்கணும்."

"உள்ள எட்டிப் பாப்பியா?"

"எட்ட முடியாதுக்கா. அந்தக் கருவுக்குள்ள மாடிப்படி மாதிரி படிங்க கீது. மேல்படியில நிக்கிறது கீழ்ப்படிக்கு எறங்கும்போது ஒரு வெளிச்சம் வுடும். காமா கதிர்னு பேரு. கண்ணுக்குத் தெரியாது. அதோட வலுவை அளந்தா, படி எம்மாம் உயரம்னு தெரிஞ்சிடும்."

"அப்போ ஏணியைப் பாக்காமயே படியை எண்றீங்க."

அவள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த சோறு வெளியே வந்துவிட்டது. "சார் கிட்ட சொல்லட்டுமா? மூணு மாசமா இதை எனக்கு இங்கிலீஷ்ல சொல்றாரு" என்றாள்.

அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொள்வது டிடெக்டருக்குள் இருக்கிற ஜெர்மானியம் என்கிற ஒரு கட்டி. டம்ளர் அளவுதான் இருக்குமாம். அலுமினிய மூடிக்குள், காற்றே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். அத்தனை வருஷம் அதற்கு ஊற்றினேன், ஒருநாளும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. குளிராக இருக்கும்வரை அது சொல்வது சுத்தமாக இருக்கும். சூடானால் தானாகவே உளற ஆரம்பித்துவிடும். அதற்குத்தான் நைட்ரஜன்.

ஈயக் கட்டிகளுக்கும் மெழுகுக் கட்டிகளுக்கும் நடுவில் ஒரு பொட்டுக்கும் குறைவான ஏதோ ஒரு பொருள் இருந்தது. அது தானாகவே பிளந்துகொண்டே இருக்கும். பிளக்கும்போதுதான் அந்தத் தொங்குகிற கருக்கள் பிறக்கும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு டிடெக்டர் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். ஒன்று மட்டும் பார்த்தால் அது சாட்சி ஆகாது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கதிர் எவ்வளவு பட்டது என்று குறிக்கிற ஒரு பேட்ஜை மார்பில் குத்திக்கொண்டு போவேன். தாலிக் கயிற்றுக்குப் பக்கத்தில் அது தொங்கும். என் வீட்டுக்காரர், "உனக்கு இன்னாடி, கவர்மெண்டு மெடலா?" என்று கிண்டல் செய்வார். ஆமாம் என்பேன்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவஞானம் சார். அவர் யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னை 'கன்னியம்மா, வாங்க' என்பார், தேநீர் கொண்டு வரும் ஆளையும் வாங்க என்பார். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக டிடெக்டரிடம் போவார். புறங்கையை அதன் கழுத்தில் வைப்பார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. மூடியில் வேர்வை பூத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். வேர்த்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். வேர்க்கவில்லை என்றால் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அந்தத் தலையசைப்புக்காகத்தான் நான் வேலை செய்தேன் என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

கோபம் வராது அவருக்கு. அதுதான் கஷ்டம். மாணவர்கள் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "இன்னொரு தரம் எடுத்துப் பாருங்க" என்பார். திட்டியிருந்தால்கூட அழுதுவிட்டுப் போயிருப்பார்கள்.

தேன்மொழி பல மாசம் எடுத்த கணக்கில் ஒரு கோடு கிடைத்தது. கோடு என்று சொல்வார்களே தவிர, காகிதத்தில் பார்த்தால் அது ஒரு மேடு. பெரிய பெரிய மலைகளுக்கு நடுவில், எறும்பு தள்ளிய மண் மாதிரி ஒரு சின்ன மேடு. அதை எனக்குக் காட்டத்தான் முதலில் ஓடி வந்தாள்.

"இதுக்காடி இம்மாங் குதி?"

"இந்தப் படி இங்க கீதுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லக்கா. உலகத்துலயே."

நான் அந்த மேட்டின் மேல் விரலை வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சார் அதை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். "அழகா இருக்குங்க. இன்னொரு தரம் எடுத்துப் பாருங்க" என்றார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் சின்ன வயதில் இதே மாதிரி ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு, அவசரமாக எழுதி அனுப்பி, அது அச்சிலும் வந்துவிட்டது. பிறகு பார்த்தால் அந்த வெளிச்சம் கருவிலிருந்து வரவில்லை, ஆய்வுக்கூடத்துச் சுவரிலிருந்து வந்திருக்கிறது; செங்கல்லிலும் இந்தக் கதிர் கொஞ்சம் உண்டாம். ஊருக்கெல்லாம் தெரிய அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. "செவுத்தைப் பாத்து ஏமாந்தவன்னு எனக்குப் பேருங்க" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

அதனால் இரண்டாம் தரம் வேறு மாதிரி எடுக்க வேண்டும் என்றார். இரண்டு டிடெக்டரின் இடத்தையும் மாற்றி, மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். எங்களிடம் மூன்றாவது இல்லை. வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் கேட்டு, இரவலாக ஒன்றை வாங்கினார். அது வயதான டிடெக்டர். அதன் வெற்றிடம் பலவீனமாக இருந்தது. கொடுத்தவர்கள் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள்: சூடாக விட்டுவிடாதீர்கள், விட்டால் திரும்பாது. சார் வாக்குக் கொடுத்தார். அது வந்து இறங்கிய நாளில் எங்களுடைய இரண்டையும் பார்ப்பதற்கு முன் அதன் கழுத்தில்தான் கை வைத்தார்.

தேன்மொழிக்கு நேரம் குறைவாக இருந்தது. உதவித்தொகை முடியப் போகிறது. அந்தப் பிளக்கிற பொருளும் வருஷத்துக்கு வருஷம் வலுக் குறைந்துகொண்டே வரும்; இந்தத் தரம் விட்டால் அடுத்த தரம் இன்னும் நெடுநாள் எடுக்கும். வீட்டிலோ மாப்பிள்ளை பார்த்து முடித்து வைத்திருந்தார்கள். அவள் அம்மா ஒருமுறை என்னைக் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, நீங்களாச்சும் அந்த சார்கிட்ட சொல்லக் கூடாதா? எம்மாம் நாளைக்குத்தான் அந்தப் பொட்டியை வேடிக்கை பாக்கும் இது?" என்றாள். "இன்னும் கொஞ்ச நாளுதாம்மா. ஒருதரம் பாத்துட்டா டாக்டரு" என்றேன். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. இரண்டாம் தரம் பாதி ஓடி முடிந்திருந்தது. மேடு மறுபடியும் முளைக்கிற மாதிரி இருக்கிறது என்று தேன்மொழி என் காதில் சொன்னாள். சாரிடம் சொல்லவில்லை. முழுசாக வளரட்டும் என்றாள்.

அப்போதுதான் அந்த மழை.

எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எந்த மழை என்று சொல்லத் தேவையில்லை. பருத்திப்பட்டு ஏரி நிரம்பி வழிந்தது. சாலையும் ஏரியும் ஒன்றாகத் தெரிந்தன. மின்சாரம் போயிற்று. கம்ப்யூட்டர்கள் நின்றன. அது பரவாயில்லை, பிறகு விட்ட இடத்திலிருந்து ஓட்டிக்கொள்ளலாம். ஆனால் குளிர் நிற்கக் கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற நைட்ரஜன் லாரி வரவில்லை. பெரிய டேங்க் காலி. மூன்று டிடெக்டரின் பாத்திரத்திலும் அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

என் அண்ணன் மகன் ஏழுமலையிடம் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று இருந்தது. கேன் ஒன்றை அதில் ஏற்றிக் கயிற்றால் கட்டி, நானும் ஏறி உட்கார்ந்தேன். சார் வேண்டாம் என்றார். "நீங்க டிடெக்டரைப் பாருங்க சார், நான் அம்பத்தூர் போயி நைட்ரஜன் எடுத்தாரேன்" என்றேன்.

அம்பத்தூரில் நைட்ரஜன் ஆலையின் வாசலில் முழங்கால் தண்ணீர். உள்ளே இருந்த ஆள் என்னைத் தெரிந்தவர்தான்.

"கரண்ட் இல்லம்மா. பிளாண்டு நின்னு போச்சு. அடியில கீறதை வேணா புடிச்சிக்கோ."

"எப்போ ஓடும்?"

"ஒரு வாரம் ஆவும். மேலயும் ஆவும். மேல எடத்துலயே அதான் சொல்றாங்கோ."

ஒரு கேன் கிடைத்தது. திரும்பும்போது ஏழுமலை வாயை மூடவில்லை. "அத்தே, இன்னா இது, அடுப்பே இல்லாம பொகையுது? இதுல இன்னாதான் கீது?"

"காத்துடா. குளுந்து தண்ணியான காத்து."

"காத்துக்கா என்னை இம்மாந் தொலவு தண்ணில இட்டாந்தே? ஏன், ஆவடில காத்து இல்லியா?"

"வண்டியைப் பாத்து ஓட்டுடா."

"கேட்டா யாராவது நம்புவானா? வெள்ளத்துல எல்லாரும் பாலு வாங்க அலையுறான், எங்க அத்தை காத்து வாங்கிகினு வருது."

திருமுல்லைவாயல் தாண்டி ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. கேனை நான் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். ஆனாலும் மூடி நழுவி, உள்ளே இருந்தது வெள்ளத்தில் கொட்டியது. சாலை முழுக்க வெள்ளைப் புகை. தண்ணீரில் நடந்து வந்தவர்கள் "கேஸு, கேஸு" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். ஏழுமலை வண்டிக்கடியில் தோளைக் கொடுத்து நிமிர்த்தினான். பள்ளம் தண்ணீருக்குள் இருந்தது; அவன் கண்ணுக்கும் தெரியவில்லை, என் கண்ணுக்கும் தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது கேன் பாதிகூட இல்லை.

சார் ஒரு மரக்குச்சியை எடுத்துக் கேனுக்குள் விட்டு வெளியே எடுத்தார். எதுவரை பனி பூத்திருக்கிறதோ அதுவரைதான் நைட்ரஜன். அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜன்னல் வெளிச்சம்தான், விளக்கு இல்லை. தேன்மொழி ஈரத் துப்பட்டாவோடு கதவருகில் நின்றாள்.

"மூணுக்கும் பங்கு போட்டா ரெண்டு நாள் வரும். உங்க ரெண்டுக்கு மட்டும்னா மூணு நாள். இந்த இரவல் ஒண்ணுக்கு மட்டும்னா ஒரு வாரம் நிக்கும்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"என்னோட ரெண்டுக்கும் ஊத்துங்க சார். அதுக்குள்ள லாரி வந்துடும்."

"வரலைன்னா? உங்களது ரெண்டும் போகும், அதுவும் போயிருக்கும்."

"வந்துட்டா சார்?"

எங்களுடைய இரண்டு டிடெக்டர்களுக்கு வேறு ஒரு சிக்கல் இருந்தது. பல மாசம் அந்தப் பொருளுக்கு முன்னால் உட்கார்ந்து, நியூட்ரான் பட்டுப் பட்டு, கட்டிக்குள் சின்னச் சின்ன அடிகள் விழுந்திருக்கும். குளிரில் இருக்கும்வரை அடிபட்டது வெளியே தெரியாது. சூடாகிவிட்டால் அத்தனையும் எழுந்துகொள்ளும். அப்புறம் வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு எத்தனை மாசம் ஆகும் என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். அந்த மாசங்கள் தேன்மொழியிடம் இல்லை என்பதும் தெரியும்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்களது நம்மதுங்க. போனா சரி பண்ணிக்கலாம். இது நம்மது இல்லை. போனா திரும்பாது. நான் சொல்லிட்டு வாங்கி வந்தேன்."

தேன்மொழி அழவில்லை. "எனக்காகத்தானே சார் வாங்கினீங்க அதை" என்றாள். கேட்கிற குரலில்லை. சும்மா சொன்னாள்.

சார் என்னைப் பார்த்தார். நான் கையுறையைப் போட்டுக்கொண்டேன். புனல் பிடிக்க ஆள் வேண்டும். வழக்கமாக ஒரு உதவியாள் பிடிப்பார், அன்றைக்கு அவரால் வரமுடியவில்லை. தேன்மொழி வந்து பிடித்தாள். நான் ஊற்றினேன். சொட்டு சிந்தவில்லை. அந்த வயசான டிடெக்டர் கொட்டக் கொட்டக் குடித்தது. ஆவி எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் எழுந்து, அவள் முகம் எனக்குத் தெரியாமல் போயிற்று. அது தெரியாமல் இருந்ததே நல்லது என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் எங்கள் இரண்டும் காய்ந்தன. அதன் மறுநாள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். சுவரில் கை வைத்த மாதிரி இருந்தது. அறையில் எல்லாம் எந்தச் சூட்டில் இருந்ததோ அதுவும் அந்தச் சூட்டில் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் ஹாரன் சத்தம். ஓடிப் பார்த்தால் நைட்ரஜன் லாரி. ஆலைக்கு மின்சாரம் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டதாம். டிரைவர் இறங்கி, பெருமையாக, "இன்னாம்மா, முதல் லோடு உங்களுக்குத்தான். பயந்துட்டீங்களா?" என்றார். அவர்மேல் தப்பில்லை. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெரிய டேங்கில் மாட்டினேன். நிரம்பி வழிகிற வரைக்கும் நிரப்பினோம். தேன்மொழி மாடிப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் மறுபடி குளிரவைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒல்லியாக நின்ற மலைகளெல்லாம் வயிறு பெருத்து ஒருபக்கமாகச் சரிந்து நின்றன. அந்தச் சரிவுக்குள் அவளுடைய மேடு எங்கே என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டும் வெளிநாட்டுக்குப் போயின. அவள் காலம் முடிந்தது. அந்தக் கோடு இல்லாமல், மற்றதை வைத்து எழுதுங்கள் என்று சார் எத்தனையோ சொன்னார். "அது இல்லன்னா அதுல நான் இன்னாதான் சார் பண்ணேன்?" என்றாள். அதோடு போய்விட்டாள். கல்யாணத்துக்குப் போனேன். மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைட்ரஜன் ஊத்தியாச்சாக்கா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

இரவல் டிடெக்டரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினோம். அந்த மாசம் முழுக்க அதன் மூடியில் ஒரு துளி வேர்வை கிடையாது. கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் நான் சாரின் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அவர்கள் புதிதாக வாங்கிவிட்டார்களாம். பழையதை ஓரமாக வைத்துக் காயவிட்டுவிட்டார்களாம். சார் "அப்படிங்களா" என்றார். போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "கன்னியம்மா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்க" என்றார். அது திறந்துதான் இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கையில் ஒரு காகிதத்தோடு நைட்ரஜன் அறைக்கு வந்தார். வேறு ஒரு நாட்டில், பெரிய இயந்திரம் வைத்திருப்பவர்கள் அந்தக் கருவைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு படி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். தேன்மொழி சொன்ன அதே இடத்தில்.

"இருந்திருக்குங்க, கன்னியம்மா" என்றார். "என்கூட முகப்பேர் வரைக்கும் வரீங்களா? தனியாப் போக எனக்குத் தைரியம் இல்லை."

தேன்மொழி அப்போது கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். முகப்பேரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வீடு. எங்களைப் பார்த்ததும் வாய் கொள்ளாச் சிரிப்பு. "கன்னிம்மாக்கா, இன்னா இப்படி இளைச்சிட்டீங்க, நைட்ரஜன் ரேஷன்ல போடுறாங்களா?" என்றாள். காபி கொடுத்தாள். சார் காகிதத்தை நீட்டினார். நின்றுகொண்டே படித்தாள். ஒரு படத்தின்மேல் விரல் வைத்தாள். அன்றைக்கு நான் வைத்த மாதிரியே.

"ஆமா சார். இதேதான்" என்றாள். விரலை எடுக்காமலே, "அந்த இரவல் இன்னா ஆச்சு?" என்றாள்.

சார் சொன்னார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. ஊத்துன கை உங்களுது. என்னோட ரெண்டுக்கும் ஊத்தியிருந்தா, லாரி வர்ற வரைக்கும் நின்னிருக்குமா?"

சார் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் வேலை விஷயத்தில் சொன்னதில்லை.

"நின்னிருக்கும்மா" என்றேன்.

"நின்னிருக்குங்க" என்று சாரும் சொன்னார்.

தேன்மொழி காகிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தாள். "நானா இருந்தாலும் அதுக்குத்தான் சார் ஊத்தியிருப்பேன். இரவல் வாங்கிட்டு வேற இன்னா பண்றது? அதான் சார் எனக்கு ஆத்திரமே. யாரைத் திட்டுறதுன்னு இத்தனை வருஷமாத் தேடிப் பாத்துட்டேன். ஒருத்தரும் கிடைக்கல."

திரும்பி வரும்போது ஆட்டோவில் சார் அந்தக் காகிதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவரை நான் உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி. அடுத்த வருஷம் போய்விட்டார். அவர் வீட்டு வாசலில் தேன்மொழிதான் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள்.

இப்போது பிரவீணாவுக்கு ஒரு யோசனை. மலர் வெளியிடுகிற அன்றைக்கு மேடையில் பழைய டிடெக்டர் ஒன்றை வைத்து, நான் கடைசியாக ஒருதரம் நைட்ரஜன் ஊற்ற வேண்டுமாம். போட்டோ எடுத்து, சால்வை போடுவார்களாம். சால்வையை வேண்டுமானால் வாங்கிக்கொள்கிறேன். ஊற்ற மாட்டேன். மறுநாளே காயவிடப் போகிற ஒன்றுக்கு ஒப்புக்கு ஊற்ற என் கை வராது. காயவிட்டது போதும்.

அதற்குப் பதிலாக ஒன்று கேட்டேன். தேன்மொழியின் பெயர் இந்த மலரில் வர வேண்டும். அந்தப் படியை முதலில் பார்த்தவள் அவள்தான் என்று அச்சில் வர வேண்டும்.

பிரவீணா தயங்கினாள். "சார்கூட அதை எங்கயும் எழுதலையேக்கா. ரெண்டாவது தரம் நிரூபிக்கல இல்ல? 'கண்டுபிடித்தார்'னு போட்டா யாராவது கேள்வி கேப்பாங்க."

கேட்பார்கள்தான். முதலில் சாரே கேட்பார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. அதனால் யோசித்து, எல்லாரும் ஒத்துக்கொள்கிற மாதிரி, உள்ளதை உள்ளபடி போடச் சொன்னேன். பிரவீணா அடித்ததை இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த வரி இது:

தேன்மொழி அந்தப் படியை ஒரு தரம் பார்த்தாள்.